மேனுவல் இல்லாத பழைய ஏஸ் 250: மணலில் இறங்கும் முன் வீட்டிலேயே என்னென்ன பழகிக்கொள்ள வேண்டும்?

தேரடி_வடக்கு (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். கேரட் ஏஸ் 250 மெட்டல் டிடெக்டர் ஒன்று செகண்ட் ஹேண்டில் கைக்கு வந்திருக்கிறது. கூடவே வந்தது முட்டை வடிவக் காயில் (கம்பின் நுனியில் மாட்டித் தரைமேல் வீசும் தட்டு) மட்டும்தான். மேனுவலும் இல்லை, ஹெட்போனும் இல்லை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை மணல் இருக்கும் இடங்களில் ஓட்டிப் பார்க்க ஆசை. அதற்கும் முன்னால், மீஞ்சூர் பக்கம் சித்தப்பா நிலத்தில் களை எடுக்கும்போது விழுந்த தங்க மோதிரம் ஒன்றைத் தேட வேண்டும்.

வீட்டில் ஆன் செய்து பார்த்ததில் மூன்று சந்தேகம்:

காசைக் காயில் மேல் வைத்தால் ஒரு பீப் வருகிறது, பிறகு அமைதி. காசு அங்கேயேதான் இருக்கிறது. மெஷின் பழுதா?

தரைக்குப் பக்கத்தில் காயிலைக் கொண்டுபோனால் ஹாலில் எந்த மூலையிலும் கத்துகிறது.

ஒரே 1 ரூபாய் காசு ஒரு தடவை திரையின் இடது ஓரத்தில், அதாவது இரும்புப் பக்கம் காட்டுகிறது. அடுத்த தடவை வலது பக்கம் தாவுகிறது. திரைக்கு மேலே அச்சடித்திருப்பதெல்லாம் அமெரிக்கக் காசு. நம்ம காசு எதற்கு நேரே வரும் என்று பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா?

ராயபுரம்_ரேடியோ:

நண்பரே, முதல் இரண்டும் பழுது இல்லை.

தேடும் மோடுகள் எல்லாவற்றிலும் இந்த மெஷினுக்கு அசைவு வேண்டும். காயிலோ காசோ, இரண்டில் ஒன்று நகர்ந்தால்தான் சத்தம். இரண்டும் நின்றுவிட்டால் சிக்னல் மாறாது, மெஷின் அதைப் பின்னணி என்று எடுத்துக்கொண்டு அடங்கிவிடும். பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் பின்பாயின்ட் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் அசையாத பொருளுக்கும் சத்தம் நிற்காமல் வரும்.

தரையில் கத்துவதற்குக் காரணம் தளத்துக்குள் இருக்கும் கம்பி. மொட்டை மாடியும் அதே கதைதான், அங்கேயும் கான்கிரீட்டுக்குள் கம்பி வலை. பிளாஸ்டிக் நாற்காலி இரண்டைப் போட்டு, மெஷினைக் குறுக்கே படுக்க வைத்து, காயில் முகம் மேலே பார்க்கும்படி தளத்திலிருந்து முடிந்த அளவு உயரத்தில் வையுங்கள். மர மேசையை நம்பாதீர்கள், அதில் ஆணி இருக்கும். பீரோ, கட்டில், கிரில் கேட் எல்லாம் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும். கையில் வாட்ச், மோதிரம், காப்பு கூடாது. செல்போன் ஃப்ளைட் மோடில் இருக்கட்டும், சட்டைப் பையில் அல்ல, அடுத்த அறையில்.

செகண்ட் ஹேண்ட் என்பதால், பழகுவதற்கு முன்னால் உடம்பு நலமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பேட்டரி அறையைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பழைய ஆல்கலைன் செல் ஒழுகியிருக்கிறது. காது குடையும் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காய விடுங்கள். ஏஏ அளவு செல் நான்கு போட வேண்டும், நான்கும் புதிதாக, ஒரே பிராண்டாக இருக்கட்டும். பாதி தீர்ந்த செல்லோடு சோதனை செய்தால் எது மெஷின் குறை, எது செல் குறை என்று பிரிக்கவே முடியாது. நம்ம பக்கம் உப்புக் காற்று. வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒயர். ஆல் மெட்டல் மோடில் (எந்த உலோகத்தையும் ஒதுக்காத மோடு), சென்சிட்டிவிட்டி பாதியில், காயிலை அசையாமல் வைத்துவிட்டு, ஒயர் காயிலுக்குள் நுழையும் கழுத்தை மெல்ல ஆட்டுங்கள். பிறகு கன்ட்ரோல் பாக்ஸ் பக்கம் கனெக்டரை ஆட்டுங்கள். ஆட்டும்போது மட்டும் கிரீச் என்றால் உள்ளே இழை அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் திருகு தளர்வு. அடுத்து காயில் விளிம்பை விரலால் தட்டுங்கள். நல்ல காயில் பேசாமல் இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் கத்தினால் உள்ளே சுருள் ஆட்டம் கண்டிருக்கிறது. அது வீட்டில் சரிசெய்யும் வேலை இல்லை, காயிலையே மாற்ற வேண்டும்.

கம்பில் ஒயரைச் சுற்றுவது சின்ன விஷயம் போலத் தெரியும். தொங்கலாக விட்டால் வீசும்போது காயிலுக்கு மேல் ஆடி ஆடி பொய்ச் சத்தம் கொடுக்கும். முதல் சுற்று கம்பின் மேல் பக்கமாகப் போகட்டும், பிறகு நெருக்கமாக மேலே கொண்டுபோங்கள். காயிலை மேலும் கீழும் மடக்க மட்டும் கழுத்தில் கொஞ்சம் இளக்கம் விடுங்கள். காயிலைப் பிடிக்கும் போல்ட் தொலைந்து யாராவது இரும்பு போல்ட் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அங்கே பிளாஸ்டிக் போல்ட்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக, முந்தைய ஆள் கஸ்டம் மோடில் எந்தெந்த உலோகத்துக்குச் சத்தம் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தாரோ தெரியாது. பவர் பட்டனை 5 வினாடி அழுத்திப் பிடியுங்கள், ஃபேக்டரி செட்டிங்குக்குத் திரும்பிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் விட்டு விட்டுக் கத்தினால், காயிலை அசைக்காமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிதானமாக ஒரு சுற்று திரும்புங்கள். ஒரு திசையில் அடங்கி ஒரு திசையில் கூடினால் அது வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல். இன்வெர்ட்டர், மலிவான எல்.இ.டி. பல்பு, ரயில் பாதையின் 25,000 வோல்ட் கம்பி, அத்திப்பட்டுப் பக்கத்து உயர் அழுத்த லைன் எல்லாமே காரணமாகலாம். ஏஸ் 250 ஓடுவது 6.5 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில். அதை மாற்றித் தப்பிக்க வழி இல்லை. சென்சிட்டிவிட்டியை ஒவ்வொரு கட்டமாகக் குறைப்பதுதான் மருந்து.

காசிமேடு_கரை:

தம்பி, உங்கள் மூன்றாவது கேள்விதான் விஷயமே. யாரிடமும் பட்டியல் கேட்காதீர்கள், நீங்களே போடுங்கள். அமெரிக்கர்கள் போட்ட வீடியோவில் மணி அடிக்கிற சத்தம் வந்தால் காசு என்பார்கள். அவர்களுடைய பழைய காசுகள் வெள்ளி, செம்பு. நம்முடையது அப்படி இல்லை.

ஒரு சின்னக் காந்தம் எடுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். சில்லறையை எல்லாம் கொட்டி ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். 1992 முதல் வந்த சின்ன 1 ரூபாய் ஒட்டும், அது ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1988 முதல் வந்த ஸ்டீல் 25 காசு, 50 காசு ஒட்டும். 2 ரூபாயில் 2004 வரை குப்ரோ நிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்தது), ஒட்டாது. அதற்குப் பிறகு வந்த ஸ்டீல் ஒட்டும். மஞ்சள் 5 ரூபாய் நிக்கல் பித்தளை, பழைய கனமான 9 கிராம் 5 ரூபாய் குப்ரோ நிக்கல், இரண்டும் ஒட்டாது. அறுபதுகளின் 25 காசும் 50 காசும் சுத்த நிக்கல். நிக்கலும் காந்தத்தில் ஒட்டும் என்பது பலருக்குத் தெரியாது. சதுர 5 காசு, பூ விளிம்பு 10 காசு, அறுகோண 20 காசு அலுமினியம்.

காந்தத்தில் ஒட்டுகிற தட்டையான உலோகம் மெஷினுக்கு இரண்டு பதில் தருகிறது. இரும்புத் தன்மை சிக்னலை இடது பக்கம் இழுக்கும். தட்டையான வட்டத்தில் சுழலும் மின்னோட்டம் வலது பக்கம் தள்ளும். காயிலுக்குக் காசு படுத்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று ஜெயிக்கும். உங்கள் 1 ரூபாய் தாவுவது அதனால்தான். இரும்பை ஒதுக்கும் மோடில் போனால் இன்று புழங்கும் சில்லறையில் பாதி உங்கள் காலடியில் சத்தமில்லாமல் கிடக்கும். அதில் நஷ்டம் இல்லை என்றால் ஒதுக்குங்கள், ஆனால் தெரிந்து ஒதுக்குங்கள்.

ஒரு நோட்டில் இவற்றுக்கு ஒரு வரிசை போடுங்கள்: மேலே சொன்ன காசுகள், 10 ரூபாய், தங்க மோதிரம், மெல்லிய செயின், மூக்குத்தி, வெள்ளி மெட்டி, கொலுசு, ஊக்கு, இரண்டு அங்குல ஆணி, சோடா மூடி, டின்னைத் திறக்கும் வளையம், மாத்திரை அட்டை, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு. ஆல் மெட்டல் மோடில் ஒவ்வொன்றையும் காயிலுக்கு மேல் இடம் வலமாக ஐந்தாறு தடவை வீசுங்கள். திரையின் பன்னிரண்டு கட்டத்தில் எது எரிகிறது, மூன்று சத்தத்தில் எது, இருபுறமும் ஒரே மாதிரி வருகிறதா, எத்தனை செ.மீ. வரை பிடிக்கிறது என்று எழுதுங்கள். தூரம் அளக்க மர ஸ்கேலோ தையல்காரர் டேப்போ வையுங்கள். இரும்பு டேப் கிட்டே வந்தால் அளவே கெட்டுப்போகும்.

எழுதி முடித்ததும் உங்களுக்கே தெரியும், தங்க மோதிரம் வருகிற கட்டங்களில்தான் டின் வளையமும் மாத்திரை அட்டையும் ஈயக்குண்டும் சுற்றி வரும். காசிமேட்டிலிருந்து வடக்கே எந்தக் கரைக்குப் போனாலும் ஈயக்குண்டு கிடைக்கும். அந்த நடுக் கட்டங்களை ஒதுக்கினால் கை வலி குறையும், மோதிரமும் போய்விடும். தங்கம் வேண்டுமென்றால் ஈயத்தைத் தோண்டித்தான் ஆக வேண்டும், இதில் குறுக்கு வழி இல்லை.

செயின் உங்களை ஏமாற்றும். மெஷின் முழுச் செயினைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியாகத்தான் பார்க்கிறது. மூன்று பவுன் செயினாக இருந்தாலும் கொக்கி மட்டும் லேசாகச் சத்தம் கொடுக்கலாம். கொலுசும் அப்படித்தான், திருகாணிதான் பேசும். மெட்டி வாய் பிளந்த வளையம். மின்னோட்டம் முழுச் சுற்று சுற்ற முடியாததால் அதே எடை மூடிய மோதிரத்தைவிடச் சத்தம் குறையும். மூக்குத்தியை 6.5 கிலோஹெர்ட்ஸ் மெஷினில் தேடப் போவது வீண். பொடித் தங்கத்துக்கு அதைவிட உயர்ந்த அலைவரிசை வேண்டும்.

அடுத்த பாடம், ஆணியும் காசும். மஞ்சள் 5 ரூபாயையும் ஆணியையும் 5 செ.மீ. இடைவெளியில் பிளாஸ்டிக் ட்ரேயில் வைத்து, இரும்பை ஒதுக்கி வீசுங்கள். ஒரு திசையில் காசு காணாமலே போகும். ட்ரேயைக் கால் சுற்று திருப்பினால் திரும்ப வரும். வயலில் ஒரே இடத்தை இரண்டு திசையில் ஓட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

தேரடி_வடக்கு:

ரொம்ப நன்றி அண்ணா. பின்பாயின்ட் அழுத்தினால் சில சமயம் பொருள் மேலேயே இருந்தும் சத்தம் வரவில்லை. அது ஏன்? ஈர மணலில் போகலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

ராயபுரம்_ரேடியோ:

பின்பாயின்ட் பட்டனை அழுத்துகிற அந்தக் கணத்தில் காயிலுக்குக் கீழே என்ன இருக்கிறதோ, அதைத்தான் மெஷின் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். பொருளுக்கு நேர் மேலே அழுத்தினால் பொருளே பூஜ்ஜியமாகிவிடும். ஓரடி தள்ளி வெற்று இடத்தில் அழுத்துங்கள், பிடித்தபடியே பொருள் மேல் கொண்டு வாருங்கள். இடம் வலம் ஒரு தடவை, முன் பின் ஒரு தடவை, சிலுவை போல. சத்தம் உச்சத்துக்கு வரும் இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பொருள்.

அந்த உச்சம் காயிலின் எந்தப் புள்ளியில் வருகிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடியுங்கள். நாற்காலியில் ஒரு காசை வைத்து, மேலே காயிலைச் சிலுவையாக ஓட்டி, உச்சம் வரும் இடத்தில் காயிலின் மேல்புறம் ஒரு பெயின்ட் புள்ளி வையுங்கள். தோண்டும் குழி பாதியாகக் குறையும். திரையில் காட்டும் ஆழமும் காசு அளவுப் பொருளுக்குக் கணக்கிட்டது. பெரிய தகர டப்பா ஆழத்தில் இருந்தால் மேலோட்டமாகக் காட்டும், சின்ன ஊக்கு மேலே இருந்தாலும் ஆழம் என்று சொல்லும்.

எண்ணூர்_கழிமுகம்:

ஈர மணலுக்கு என் பதில்: இந்த மெஷினோடு வேண்டாம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அலை நனைத்த மணல் முழுவதுமே மெஷினுக்குப் பெரிய, மெலிந்த உலோகத் தகடு போலத் தெரியும். பல அலைவரிசை மெஷின்களும் பல்ஸ் இண்டக்ஷன் மெஷின்களும் இதைச் சமாளிக்கும். ஏஸ் 250-க்கு ஒரே அலைவரிசை, கிரவுண்ட் பேலன்ஸும் (மண்ணின் சிக்னலைக் கழித்துவிடும் அமைப்பு) தொழிற்சாலையில் வைத்தது வைத்ததுதான், நாம் திருத்த முடியாது.

ஆனாலும் எல்லை எங்கே என்று நீங்களே பார்த்துவிட வேண்டும். காய்ந்த மணலில் தொடங்கி, வீசிக்கொண்டே தண்ணீரை நோக்கி நேர்கோட்டில் நடங்கள். எங்கே தாறுமாறாகப் பேச ஆரம்பிக்கிறதோ அங்கே நில்லுங்கள். எட்டுக் கட்ட சென்சிட்டிவிட்டியை இரண்டுக்கோ மூன்றுக்கோ இறக்கி, காயிலை நான்கைந்து விரல் உயரம் தூக்கி வீசினால் இன்னும் சில அடி போகலாம். அதற்கப்புறம் உங்கள் நேரம்தான் வீண். கறுப்பு மணல் வரி வரியாகப் படிந்திருக்கும் இடத்தில் காய்ந்திருந்தாலும் இதே தொல்லைதான். அதில் காந்தத்தில் ஒட்டும் தாதுத் துகள் இருக்கும். காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு மணலில் ஒரு இழு இழுத்தால் எவ்வளவு ஒட்டுகிறது என்று உடனே தெரியும்.

இன்னொன்று. நம்ம வடக்குக் கரையில் பெரும்பகுதி கருங்கல் கொட்டிய தடுப்பு. மணல் தங்குவது கடலுக்குள் நீட்டிய கல் தடுப்புகளை ஒட்டித்தான். கல்லுக்குப் பக்கத்தில் போனதும் சத்தம் வந்தால் புதையல் என்று நினைக்காதீர்கள், இரும்புத் தாது உள்ள கல்லும் பேசும். காயிலை ஒரு சாண் தூக்குங்கள். சிறிய உலோகப் பொருளின் சத்தம் படிப்படியாகத் தேயும், அதே கட்டத்திலேயே நிற்கும். கல்லின் சத்தம் சட்டென்று அறுந்துவிடும்.

காயில் தண்ணீரில் நனையலாம், கன்ட்ரோல் பாக்ஸ் நனையக் கூடாது. காயில் கவர் போட்டிருந்தால் உள்ளே ஈர மணல் சேரும். அது காயிலோடு ஒட்டியே வருவதால் பொய்ச் சத்தம். கழற்றி உதறிவிட்டு மாட்டுங்கள். வீடு வந்ததும் காயிலையும் கீழ்க் கம்பையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், பாக்ஸை ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். அலைச் சத்தத்தில் ஸ்பீக்கர் காதில் விழாது. 6.3 மி.மீ. பின் உள்ள, வால்யூம் திருகு வைத்த ஹெட்போன் வாங்கிக்கொள்ளுங்கள், மெஷினில் வால்யூம் கட்டுப்பாடு கிடையாது.

வீட்டுச் சோதனைக்கும் கடற்கரைக்கும் நடுவே இன்னொரு படி இருக்கிறது. காற்றில் எடுத்த தூரம் மண்ணில் அப்படியே கிடைக்காது. கம்பி இல்லாத வெறும் மண்ணில் ஓர் அங்குல பி.வி.சி. பைப்பை 45 டிகிரி சாய்வாகப் புதையுங்கள். ஒரு பிளாஸ்டிக் குச்சி நுனியில் காசை டேப்பால் ஒட்டி, குச்சியில் 5, 10, 15, 20 செ.மீ. ஆழத்துக்கு மார்க்கரில் கோடு போட்டு உள்ளே தள்ளுங்கள். பொருளை மாற்றலாம், ஆழத்தை மாற்றலாம், ஒவ்வொன்றுக்கும் குழி வெட்ட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு ஆணியா காசா என்று சொல்லும் வரை வீசுங்கள்.

கலெக்டர்_அலுவலக_வரிசை:

பழகும் முன் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், என்ன பொருள், தோராய மதிப்பு, கிடைத்த இடம், தேதி எழுதி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த 10 ரூபாய் எழுத்துப் பிழை இல்லை, அன்று போட்ட தொகை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில், உதாரணத்துக்குப் பழவேற்காடு டச்சுக் கல்லறையில், தோண்டுவது 1958 சட்டப்படி குற்றம். கோயில் நிலம், துறைமுகம், அனல் மின் நிலையம், மணலி ரிஃபைனரி பக்கமெல்லாம் மெஷினை வெளியே எடுக்கவே வேண்டாம். கடற்கரைக்குப் போகும் முன் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் சொல்லி அனுமதி கேளுங்கள்.

துருப்பிடித்த உருளை, மூக்கு கூரான கனமான இரும்பு எது வந்தாலும் தட்டவோ தூக்கவோ கூடாது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு வீசியிருக்கிறது. அடையாளம் வைத்துவிட்டு விலகி 112-க்கு அழையுங்கள்.

காசிமேடு_கரை:

மீஞ்சூர் மோதிரத்துக்கு இதைச் செய்யுங்கள் தம்பி. களை எடுத்தவர்களிடம் எந்த வரப்பிலிருந்து எந்த வரப்பு வரை குனிந்து நின்றார்கள் என்று கேட்டு, அந்தத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். களையை எங்கே குவித்தார்கள் என்றும் கேளுங்கள். ஈர மண்ணோடு மோதிரம் அந்தக் குவியலுக்கே போயிருக்கலாம், முதலில் அதை ஓட்டுங்கள். பிறகு மூங்கில் குச்சி அடித்து, நைலான் கயிறு கட்டி, ஒரு மீட்டர் அகலப் பாத்திகளாகப் பிரியுங்கள்.

அதே பவுன், அதே அகலத்தில் வீட்டில் இருக்கும் வேறு மோதிரத்தைக் கொண்டுபோய், ஒரு கெட்டியான நூலில் கட்டி அந்த வயல் மண்ணிலேயே 5 செ.மீ. ஆழத்தில் வைத்துப் பாருங்கள். நூலின் மறு நுனி குச்சியில் கட்டியிருக்கட்டும், இரண்டாவது மோதிரமும் தொலைய வேண்டாம். எந்தக் கட்டம், எந்தச் சத்தம் என்று அங்கே கிடைப்பதுதான் உங்கள் அடையாளம். அந்த மண்ணில் அது தெளிவாக வரும் அளவுக்கு மட்டும் சென்சிட்டிவிட்டி வையுங்கள்.

காயில் மண்ணிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில், தரைக்கு இணையாகவே போகட்டும். வீச்சின் இரு முனையிலும் தூக்காதீர்கள், அங்கேதான் பிடிக்கும் ஆழம் குறைகிறது. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். எல்லாப் பாத்தியும் முடிந்ததும் கயிற்றை மாற்றிக் கட்டிக் குறுக்குவாட்டில் இன்னொரு தடவை. தோண்டிய மண்ணைப் பிளாஸ்டிக் ட்ரேயில் கொட்டி, கைப்பிடி கைப்பிடியாகக் காயிலுக்கு முன்னால் காட்டுங்கள். சத்தம் வந்த பிடியை மட்டும் விரலால் உதிருங்கள். கொத்துக்கரண்டி இரும்பு, ட்ரேயிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.